நரம்பு ஏற்றும் பலகை

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பைன்மரப் பலகைக்குப் பஞ்சம் கிடையாது. வெளிநாட்டு இயந்திரங்கள் அந்த மரப் பெட்டிகளில்தான் வந்து இறங்கும். இயந்திரம் ஆலைக்குள் போய்விடும். பெட்டி பிரிந்து பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். ஓசூரில் எத்தனையோ வீடுகளில் செருப்பு அடுக்கு, கோழிக் கூண்டு, பிள்ளைகள் படிக்கும் மேசை எல்லாம் அந்த மரம்தான். நான் வாங்கிய பலகையின் ஓரத்தில் ஒரு கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்டி’ என்ற எழுத்தும் பதிந்திருந்தன. மரத்துக்குள் ஒளிந்துகொண்டு பூச்சி எதுவும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்று சூடேற்றிப் பக்குவப்படுத்தியதற்கான அடையாளம் அது. இழைப்புளி போட்டபோது அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டேன்.

தூண்டில் ரீலில் நரம்பு ஏற்றுவதற்காகச் செய்த பலகை. ஒரு முனையில் நரம்பு ரோல் மாட்ட ஓர் அச்சு. நடுவில் நரம்பு நுழைந்து போக ஒரு பீங்கான் வளையம். மறுமுனையில் ரீலைப் பிடித்து நிறுத்த, முறிந்துபோன ராடு ஒன்றின் அடித்துண்டு. அவ்வளவுதான் சாமான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதன் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால், கை ஒரு வேலை பார்க்கும், மனசு எங்கெங்கோ போய்வரும்.

ரீல் வாங்கினால் கடையிலேயே நரம்பும் ஏற்றித் தருவார்கள். ஒரு கடையில் வேலை பார்த்த பையன் ரோலைப் பேனாவில் கோத்து இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டே விறுவிறுவென்று சுற்றிக் கொடுத்தான். பார்வைக்கு ஸ்பூல் நிறைந்துதான் இருந்தது. கிருஷ்ணகிரி அணைக் கரையில் நாலைந்து வீச்சு ஒழுங்காகவே போயிற்று. பிறகு நல்ல கட்லா ஒன்று அடித்து இழுத்தது. இழுத்த இழுப்பில் மேல்சுற்று நரம்பு, தளர்ந்து கிடந்த கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்துகொண்டது. மீன் முள்ளை உதறிவிட்டுப் போனது. அடுத்த வீச்சில் புதைந்த இடம் தன்னோடு நாலு வளையத்தைச் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து ராடின் முதல் வளையத்தில் மாட்டி நின்றது. நரம்பு அறுந்து ஈயக்குண்டு மட்டும் தண்ணீருக்கு மேலே தனியாகப் பறந்தது. கரையில் உட்கார்ந்து அந்தச் சிக்கலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: மேலே பதினைந்து இருபது மீட்டர் இறுக்கமாக இருந்தது, அடியில் முழுக்க ஊளைச்சதை.

இழுவை என்கிற விஷயத்தை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் சித்தப்பா. அவருக்கும் மீனுக்கும் சம்பந்தமே கிடையாது. தளி ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். பாகலூர், பேரிகை பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர்களும் தக்காளி, கோஸ் போடுகிறவர்களும் எரிந்துபோன மோட்டாரை டெம்போவில் போட்டுக்கொண்டு வருவார்கள். வெயில் ஏற ஏற போர்வெல் தண்ணீர் கீழே போகும், மோட்டாருக்குப் பளு ஏறும், வோல்டேஜ் இறங்கும், காயில் கருகும். மார்ச் முதல் மே வரை அவருக்குத் தூக்கமே இருக்காது. கடை முழுக்க வார்னிஷ் வாசனையும் எரிந்த எனாமல் நாற்றமும் கலந்து நிற்கும். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன்.

எரிந்த காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார். பிறகு கையால் சுற்றும் ஒரு சின்ன இயந்திரம். பக்கத்தில் எண் ஓடும் கவுண்டர். புதுக் கம்பி உருளையிலிருந்து வரும் வழியில் இரண்டு ஃபெல்ட் துண்டுகளுக்கு நடுவே நுழைந்து, சித்தப்பாவின் இடதுகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வழுக்கி, அச்சில் ஏறும். அந்த இரண்டு விரலிலும் காடா நாடா சுற்றியிருப்பார். ஃபெல்ட் இருக்கும்போது விரல் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன்.

“ஃபெல்ட்டு புடிக்கும்டா தம்பி, அதுக்குத் தெரியாது. வெரலுக்குத்தான் தெரியும். இறுக்கிப் புடிச்சா கம்பி மெலிஞ்சுரும். வுட்டா காயில் உப்பிக்கும், ஸ்லாட்டுல போவாது. கையில கனம் ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான்.”

எனாமலில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் சுற்றோடு சுற்று ஒட்டி மறுபடி எரியும் என்பதால், கம்பி போகும் வழியில் கூர்மையான எதையும் வைக்க மாட்டார். வளையம் பீங்கானில்தான் இருக்கும். என் பலகையின் நடுவில் இருக்கும் வளையம் அவர் கடையிலிருந்து எடுத்துவந்தது. தாமிரக் கம்பி வருஷக்கணக்காக ஓடியும் அதில் ஒரு தடம்கூட விழவில்லை. நைலான் அதற்கு எம்மாத்திரம்.

அச்சைப் பற்றிச் சொல்கிறேன். பத்து மில்லி போல்ட் ஒன்றைப் பலகையின் மேல் நிறுத்திய இரண்டு கட்டைகளுக்கு நடுவே படுக்கையாக மாட்டியிருக்கிறேன். நரம்பு ரோல் அதில் உருளும். ரோலின் ஒரு பக்கம் ஃபெல்ட் வாஷர், அதை அழுத்த ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கை நெருக்க ஓர் இறக்கை நட்டு. நட்டை முன்னால் திருகினால் ரோல் கனமாக உருளும், பின்னால் திருகினால் லேசாகும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு கம்பெனி ரோலுக்கும் நடு ஓட்டை ஒவ்வோர் அளவு. ஓட்டை பெரிதாக இருந்தால் ரோல் தள்ளாடும். தள்ளாடினால் இழுவை கூடிக் குறையும். அதற்கு இரண்டு பக்கமும் கூம்பு வேண்டும். எந்த ஓட்டையாக இருந்தாலும் கூம்பு உள்ளே போய் நடுவில் நிறுத்திவிடும்.

கூம்பு திருகிக் கொடுத்தவர் எங்கள் தெருக்கோடி லேத் பட்டறை அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுவார், வாடிக்கையாளரிடம் கன்னடமும் தமிழும், கடன்காரரிடம் மூன்றும். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகளில் அவருடையதும் ஒன்று. இரும்பில் செய்யலாமா என்று கேட்டேன். “வேணாங்க, கனம் ஜாஸ்தி. நைலான் கட்டை ஒண்ணு மிச்சம் கெடக்குது, அதுல பண்ணித் தரேன்” என்றார். கூர்முனை உளி பட்டதும் வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாக நைலான் பிரிந்து வந்து தரையில் விழுந்தது. நரம்பும் அதே வஸ்து, அதைத் தாங்கும் கூம்பும் அதே வஸ்து. 1935-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு உண்டாக்கிய பொருள். 1938-இல் முதன்முதலாகக் கடைக்கு வந்தது பல்துலக்கும் பிரஷ்ஷின் மயிராக. அந்த மயிரை நீளமாக இழுத்தால் தூண்டில் நரம்பு.

அதற்கு முன்னால்? இங்கேதான் என் மனசு ஓசூரை விட்டுத் தேன்கனிக்கோட்டைப் பக்கம், அத்தை வீட்டுக்குப் போய்விடும். அத்தை வீட்டில் பட்டுப்பூச்சி வளர்த்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரித் தோட்டமும் புழு வளர்க்கும் கொட்டகையும் இல்லாத ஊர் அந்தப் பக்கம் குறைவு. புழு முதிர்ந்து உடம்பு கண்ணாடியாகத் தெரிய ஆரம்பித்ததும் பொறுக்கி மூங்கில் சந்திரிகையில் விடுவார்கள். அந்த ஒரு நாள் வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். குழந்தைகளுக்கும் வேலை உண்டு. தலையைத் தூக்கி எட்டுப் போட்டு எட்டுப் போட்டு அது நூல் விடுவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே இழை, அறாமல் ஆயிரம் மீட்டர் அளவுக்குப் போகும்.

நைலான் வருவதற்கு முன், முள்ளை ஒட்டிக் கட்டும் கண்ணுக்குத் தெரியாத நரம்பு அந்தப் புழுவின் வயிற்றிலிருந்துதான் வந்தது. ஸ்பெயினில் முர்சியா என்ற ஊரில் அது பெரிய தொழில். கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவை வினிகரில் ஊறவைத்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி இழுப்பார்கள். சுரப்பிக்குள் இருக்கும் பசை காற்றுப் பட்டு இறுகி ஒற்றை நரம்பாகும். ஒரு முழம் வந்தால் பெரிது. ஆகவே துண்டு துண்டாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். வீசுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைப்பார்கள், காய்ந்தால் ஒடியும். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். அவர் காலத்துத் துரைமார் காவிரியில் மஹ்சீர் பிடிக்க இறங்கியது நைலான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால். 1946-இல் மைசூர்க்காரரான டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்தார், கிட்டத்தட்ட 54 கிலோ. அந்த மீனின் இனம் காவிரியில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காப்பாற்றுவது தூண்டில் பிடிக்கிறவனின் கடமை என்றே நினைக்கிறேன். ஒகேனக்கல் பக்கம் போனால் தூண்டிலை நான் பையை விட்டு எடுப்பதில்லை.

கை எங்கே இருக்கிறது? கைப்பிடியில். ரீல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் கடைகளில் அதிகம் விற்பது ஸ்பூல் சுழலாத ரீல். கைப்பிடியைத் திருப்பினால் வளைகம்பியோடு கூடிய தலை சுழன்று, நிற்கும் ஸ்பூலைச் சுற்றி நரம்பைப் போடும். என்னுடையதில் பல்விகிதம் 5.2. அதாவது கைப்பிடி ஒரு சுற்று, தலை ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்பூலின் சராசரி விட்டம் நாலரை சென்டிமீட்டர் என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். 150 மீட்டருக்கு இருநூறு சுற்றுக்கு மேல். வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு மில் முதலாளி. ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, கம்பளி நூல் நூற்கும் ஊர். தறிச் சாலையில் நிற்கும் கண்டிலிருந்து நூல் முனைவழியாகக் கழல்வதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர், அதையே தூண்டிலுக்குக் கொண்டுவந்து 1905-இல் காப்புரிமை எடுத்தார். ஆனால் நம் ஊர் அணைக்கரைப் பையன்கள் தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஈயத்தைச் சுழற்றி வீசி, மறுகையில் பாட்டிலின் முனையைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடிக்கிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான். பாட்டில் சுழலாது, நரம்பு வாய்ப்பக்கமாகக் கழலும். ராடும் வேண்டாம், ரீலும் வேண்டாம். பாரூர் ஏரிக்கரையில் பாட்டில் நரம்போடு நின்ற ஒரு பையன் என்னைவிட இருபது அடி அதிகமாக வீசியதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டில்தான் என் பலகையின் ஒரு பெரிய சந்தேகத்தையும் தீர்த்து வைத்தது. நரம்பு ஏற்றுவதில் இரண்டு கட்சி உண்டு. ரோலைத் தரையில் படுக்க வைத்து, சீட்டு ஒட்டிய முகம் மேலே பார்க்க, அதன் விளிம்புவழியே நரம்பை உருவி ஏற்ற வேண்டும், அப்போதுதான் முறுக்கு விழாது என்பது ஒரு கட்சி. பல கம்பெனிகளின் அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கும். ரோலை அச்சில் மாட்டி உருளவிட வேண்டும் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. காரணம் பாட்டில். கையால் பாட்டிலைச் சுற்றி நரம்பைப் போடும்போது சுற்றுக்கு ஒரு முறுக்கு உள்ளே போகிறது. வீசும்போது சுற்றுக்கு ஒரு முறுக்கு வெளியே வருகிறது. போட்டதும் எடுத்ததும் சரியாகப் போய்விடும். ரீலின் தலையும் அதையேதான் செய்கிறது. அச்சில் உருளும் ரோலிலிருந்து நரம்பு நேராக வரும். புதிதாக எதையும் சேர்க்காது. படுக்க வைத்து உருவினால் ரோலும் தன் பங்குக்கு ஒரு முறுக்கைப் போடும். ரோலின் சுற்றளவும் ஸ்பூலின் சுற்றளவும் வேறு வேறு என்பதால் ஒன்றை ஒன்று முழுசாக ஈடுகட்டவும் செய்யாது.

உண்மையில் நரம்பு முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் ஏற்றும்போது அல்ல, பிடிக்கும்போது. மீன் இழுக்கிறது, ரீலின் டிராக் என்ற பிடி வழுக்கி நரம்பு வெளியே போகிறது. பதற்றத்தில் நாம் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். நரம்பு ஓர் அங்குலம் ஏறாது, ஆனால் சுற்றுக்கு ஐந்து முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். டிராக் சத்தம் கேட்டால் கையை நிறுத்து என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாக இதைத்தான் சொல்கிறேன்.

ரீல் என்றதும் இன்னொன்று. சுவீடனில் ‘அபு’ என்ற புகழ்பெற்ற ரீல் கம்பெனி 1921-இல் தொடங்கியபோது அது கடிகாரக் கம்பெனி. டாக்சி மீட்டரும் செய்தது. பிரான்சில் ‘மிச்செல்’ ரீல் செய்த பட்டறை, கடிகாரப் பாகங்களுக்குப் பெயர்போன க்ளூஸ் என்ற மலையூரில் இருந்தது. ஜப்பானின் ஷிமானோ 1921-இல் சைக்கிள் ஃப்ரீவீலில் ஆரம்பித்து 1970-இல் தூண்டிலுக்கு வந்தது. சின்னப் பல்சக்கரம் துல்லியமாக வெட்டத் தெரிந்த கை, ரீலும் செய்யும். ஓசூரில் அந்தக் கை இல்லையா? 1980-இல் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் நாட்டின் முதல் மொபெட், டிவிஎஸ் 50, இங்கிருந்துதான் உருண்டு வெளியே வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகார ஆலை இங்கேதான். கைக்கடிகாரத்தின் பல்சக்கரத்தைக் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தவர்கள், கியர் அறுத்துக் கையில் காய்ப்பு ஏறியவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர். இத்தனை இருந்தும் நாம் வாங்கும் ரீலில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருகின்றன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். நல்ல ரீல் ஒன்று ஓசூர் முத்திரையோடு வரும் நாளில் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

திரும்பவும் இழுவைக்கு வருகிறேன், எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது. சித்தப்பாவின் கம்பிக்கும் என் நரம்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாமிரம் இழுத்தால் நீண்டு அப்படியே இருந்துவிடும். நைலான் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அறுவதற்கு முன் கால்பங்கு அளவுக்குக்கூட நீளக்கூடியது. இறுக்கி இழுத்து ஸ்பூலில் ஏற்றினால், ஏறிய பிறகும் ஒவ்வொரு சுற்றும் பழைய நீளத்துக்குப் போகத் துடித்து ஸ்பூலை நெரிக்கும். ஒரு சுற்றின் நெரிப்பு ஒன்றுமில்லை. ஆயிரம் சுற்று சேர்ந்தால் பிளாஸ்டிக் ஸ்பூல் விரிசல் விட்டுவிடும். தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை அணைக்கரையில் பார்த்தாயிற்று. நான் தராசு வைத்துத்தான் இதை நிதானித்தேன். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை நரம்பில் கட்டி இழுத்து, 0.30 மில்லி நரம்புக்கு அரைக் கிலோ காட்டும் இடத்தில் இறக்கை நட்டை நிறுத்திப் போல்ட்டில் ஒரு கோடு கீறினேன். பின்னல் நூல் என்றால் அதைப்போல் இரண்டு பங்கு. பின்னல் நூல் வழவழப்பு. மொட்டை ஸ்பூலில் முழுக் கட்டாகச் சுழன்றுவிடும். அதனால் அடியில் பத்து மீட்டர் சாதா நரம்பு போட்டு, அதன்மேல் ஏற்றுவேன்.

ரோல் காலியாகக் காலியாக அதன் விட்டம் குறையும், அதே ஸ்பிரிங் அழுத்தத்துக்கு நரம்பில் இழுவை கூடும். இதைத் தராசு சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. பீங்கான் வளையத்துக்கும் ரீலுக்கும் நடுவே ஈரத்துணியில் நரம்பைப் பிடித்திருக்கும் இடதுகை விரல் சொன்னது. பாதி தாண்டியதும் நட்டைக் கால் சுற்றுப் பின்னால் விடுகிறேன். ஈரத்துணி உராய்வுச் சூட்டைத் தணிக்கத்தான். காய்ந்த துணியில் வேகமாக இழுத்தால் நரம்பின் மேற்பரப்பு வெளிறிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். விளிம்புக்கு இரண்டு மில்லி இருக்கும்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் வீசும்போது கட்டாகச் சரியும். குறைத்தால் விளிம்பில் உரசி வீச்சு குறுகும்.

வீசுவதற்கு ஆறு வேண்டுமே. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவுக்குக் கிழக்கே இறங்கி, நம் எல்லைக்குள் நுழைந்ததும் முதலில் நிற்கும் இடம் கெலவரப்பள்ளி அணை. ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை மலைமலையாகப் பொங்கி, ஆற்றை மூடி, தரைப்பாலத்துக்கு மேலே ஏறி நிற்கும். ரசாயன நாற்றம் மூக்கைத் துளைக்கும். பெருநகரத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து இறங்கும் தண்ணீர். வருஷா வருஷம் பத்திரிகையில் படம் வருகிறது, வருஷா வருஷம் நுரையும் வருகிறது. அந்த நீரை நம்பிக் கீழே ஆயிரக்கணக்கான ஏக்கர் விளைகிறது. கெலவரப்பள்ளியில் நான் வீசுவதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல அணை இருந்தும் பையை மாட்டிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிருஷ்ணகிரிக்கு வண்டி ஓட்டுகிறேன்.

கிருஷ்ணகிரி அணை காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது, 52 அடி. 2017 நவம்பரில் அதன் முதல் மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்து போனதை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அதே தென்பெண்ணைதான், இங்கேயும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மீனவர் குடும்பங்கள் பரிசலில் வலை இழுக்கும் நீர். கரையில் மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரியும் வாசனைக்கே பெங்களூருக்காரர்கள் நெடுஞ்சாலையிலிருந்து வண்டியைத் திருப்புவார்கள். வலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் வலை கட்டாத ஓரமாகப் பார்த்து உட்காருவது வழக்கம். அவர்கள் பிழைப்பு அது, நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் கரையில் ஒரு நாள் நீர்க்காகம் ஒன்று சிறகு விரிக்க முடியாமல் கிடந்தது. இறக்கையிலும் காலிலும் யாரோ வீசிவிட்டுப் போன நரம்பு. பரிசல்காரர் ஒருவர் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சின்னக் கத்தரியால் ஒவ்வோர் இழையாக நறுக்கினேன். காலில் எலும்பு தெரியும் அளவுக்கு அறுத்திருந்தது. பறந்துதான் போயிற்று, பிழைத்ததா தெரியாது. “நீங்கதான் சார் போட்டுட்டுப் போறீங்க” என்றார் அவர், கோபமில்லாமல். நைலான் மக்குவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். அதுவரை அது யாரையாவது பிடித்துக்கொண்டே இருக்கும்.

பலகைக்கு இரண்டாவது வேலை அப்போதுதான் வந்தது: பழைய நரம்பை இறக்குவது. அச்சில் காலி ரோல் ஒன்றை மாட்டி, கூம்பின் முனையில் கை டிரில்லைப் பொருத்தினால் 150 மீட்டரும் ஒரு நிமிஷத்தில் ரீலிலிருந்து இறங்கிவிடும். இறக்கியதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நாம் வீசுவது முப்பது நாற்பது மீட்டர்தான். வெயிலில் காய்வதும் பாறையில் தேய்வதும் அந்த மேல்பகுதி மட்டும். அடியில் கிடப்பது புத்தம் புதிதாகவே இருக்கும். ஒரு ரோலிலிருந்து இன்னொரு ரோலுக்கு மாற்றித் திரும்ப ஏற்றினால் அடி மேலே வரும், தேய்ந்தது அடிக்குப் போகும். ஒரு நரம்பு இரண்டு நரம்பின் ஆயுசுக்கு வரும். அதற்கும் மேல் உபயோகப்படாததை விரல் நீளத்துக்கு நறுக்கி டப்பாவில் போட்டு வைக்கிறேன். விரல் நீளத் துண்டு எந்தக் காலையும் சுற்றாது.

இப்போது நண்பர்கள் ரீலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். ஆறு பேர் சேர்ந்து ஆயிரம் மீட்டர் ரோல் ஒன்று வாங்கிப் பங்கு போட்டால் ஆளுக்குச் செலவு நன்றாகக் குறைகிறது. ஆளுக்கு 150 மீட்டர். ஆனால் கைப்பிடிச் சுற்றை எண்ணிப் பங்கு பிரித்தால் சண்டைதான் வரும், ஒவ்வொருவர் ரீலும் ஒவ்வோர் அளவு. சித்தப்பா கடையை மூடியபோது அந்தக் கையால் சுற்றும் இயந்திரத்தின் கவுண்டரை என்னிடம் கொடுத்திருந்தார். அதை ஒரு சின்னக் கப்பியோடு சேர்த்து, பீங்கான் வளையத்துக்கு முன்னால் மாட்டப் போகிறேன். நரம்பு கப்பியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகும். கப்பியின் சுற்றளவு சரியாக 20 சென்டிமீட்டர் என்றால் ஐந்து எண்ணுக்கு ஒரு மீட்டர், 750-க்கு ஒரு பங்கு. விட்டம் 63.7 மில்லி வர வேண்டும். நரம்பின் சொந்தத் தடிமன் 0.3-ஐக் கழித்துக் காடியின் அடியில் 63.4.

லேத் அண்ணனிடம் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். புள்ளி நாலா என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். எவ்வளவு ஆகும் என்றதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். ஆறு பங்கு போக ரோலில் நூறு மீட்டர் மிஞ்சும், அதை அவர் மகனுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டுமாம். பையன் இப்போது பாட்டிலில்தான் சுற்றி வைத்திருக்கிறான். போன மாதம் ரீல் வாங்கியிருக்கிறான். புதன்கிழமை கப்பி தயாராகிவிடும் என்றார். பையனை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ரீலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.